பாட்டியின் மைலோ டின்னும் மருந்தியல் நேர்முகத் தேர்வும்



கடந்த மாதம் கெடாவிலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தாயின் கடிதம் வந்தது. பள்ளிக்கூட நோட்டுத் தாளில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதிய கடிதம். அவருக்கு உதிரிப்பழம் பொறுக்கும் வேலை. கணவர் குலை வெட்டுகிறார். மூத்த மகள் எஸ்.டி.பி.எம். முடித்து, மருந்தியல் படிப்புக்கு மனுச் செய்து, இப்போது நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டதாம். “எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் அந்த மாதிரி அறைக்குள் போய் உட்கார்ந்ததில்லை. நீங்கள் நல்ல ஆங்கிலத்தில் ஒரு பதில் எழுதி அனுப்பினால் பிள்ளை மனப்பாடம் செய்துகொள்ளும்” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, எழுதி அனுப்பமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏன் என்பதை இந்தப் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளைப்போல இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இந்த மாதம் அதே அழைப்பைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கலாம் அல்லவா?

பத்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. எங்கள் தாமானில் நாலாவது வீட்டில் ஒரு குடும்பம். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட பிறகு பட்டணத்துக்கு வந்தவர்கள். தகப்பனார் பால்மரம் வெட்டியவர், பிறகு பாதுகாவலர் வேலை பார்த்தார். மகள் கெட்டிக்காரி. வேதியியலில் முதல் மாணவி. அவளுக்கும் இதே போன்ற அழைப்பு வந்தது. தாயார் என்னிடம்தான் ஓடி வந்தார். எனக்கும் பெருமை பிடிபடவில்லை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மனித குலத்துக்குத் தொண்டு செய்வது என் பிறவிப் பயன், சிறு வயது முதல் மருந்தியல் என் கனவு என்று அலங்காரமான வாக்கியங்கள். பிள்ளை ஒரு புள்ளி விடாமல் மனப்பாடம் செய்தாள்.

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்களாம். “ஏன் இந்தப் படிப்பு?” என்று முதல் கேள்வி. இவள் கடகடவென்று ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மையார், புன்னகையோடு காகிதத்தை மூடி வைத்துவிட்டு, “சரி, உன் வீட்டில் மருந்து சாப்பிடுகிறவர் யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டாராம். எவ்வளவு எளிய கேள்வி! ஆனால் அது நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் இல்லை. பிள்ளை விழித்தாள். இரண்டாம் பக்கத்தில் இருந்த வாக்கியங்களைத் திரும்பவும் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் ஒரு சொல் மறந்தது. அத்தோடு எல்லாம் போயிற்று. அந்த ஆண்டு அவளுக்கு இடம் கிடைக்கவில்லை.

இதில் என்னை வாட்டுவது எது தெரியுமா? அந்த வீட்டில் பாட்டி ஒருவர் இருந்தார். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. அவருடைய மருந்தெல்லாம் ஒரு பழைய மைலோ டின்னுக்குள் கிடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர். மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்பார். வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரியில். ஒருமுறை அரசாங்க மருத்துவமனையில் அதே மருந்தை வேறு தொழிற்சாலை தயாரித்த மாத்திரையாகக் கொடுத்தார்கள். நிறம் மாறிவிட்டது. பாட்டி இது ஏதோ புது மருந்து என்று எண்ணி, டின்னில் மிச்சம் இருந்த பழையதையும் சேர்த்துச் சாப்பிட்டு வந்தார். ஒருநாள் காலை வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி, அடுப்படியில் சாய்ந்துவிட்டார். சீனித் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றியவள் இந்தப் பெண்தான். பிறகு டின்னைக் கவிழ்த்துப் போட்டு, எது எது ஒரே மருந்து என்று உறையிலிருந்த பெயரைப் பார்த்துப் பிரித்தவளும் இவள்தான். அப்போது படிவம் நான்கு படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மையார் கேட்டது இதைத்தான்! பிள்ளையின் வாயில் தயாராக இருந்த பதிலை என் இரண்டு பக்க ஆங்கிலம் அடைத்துவிட்டது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண் முடங்கிப்போகவில்லை. மருந்தியல் டிப்ளோமா படித்து, மருந்தாளருக்கு உதவியாளராக அரசாங்க மருத்துவமனையில் வேலை செய்கிறாள். இந்த மாதப் பக்கத்துக்காக அவளிடம் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கேட்டேன். கீழே வரும் விஷயங்களில் பாதி அவள் சொன்னவை. “அத்தை, இந்தத் தடவையாவது யாருக்கும் எழுதிக் கொடுக்காதீங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி நேர்முகத் தேர்வுக்குப் போகும் மகளிடம் நேராகவே பேசுகிறேன்.

மகளே, முதலில் உன் வீட்டு டின்னைத் திற. மைலோ டின்னோ, பிஸ்கட் டின்னோ, பிளாஸ்டிக் பையோ, ஏதோ ஒன்று கட்டாயம் இருக்கும். 2023-ஆம் ஆண்டு நாட்டில் நடந்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் இது மிக அதிகம். ஆகவே மருந்து இல்லாத தோட்டத்து வீடு அபூர்வம். ஒவ்வொரு உறையையும் எடுத்துப் படி. மருந்தின் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எதற்காக, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று ஒரு நோட்டில் எழுது. மெட்ஃபார்மின் என்று இருக்கும். அதைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் வயிற்றைப் புரட்டாது. இன்சுலின் இருந்தால், புதியதைக் குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். ஆனால் உறையவைக்கும் தட்டில் வைக்கக்கூடாது. உறைந்துபோன இன்சுலின் பிறகு உதவாது. இதையெல்லாம் பாட்டிக்கோ அப்பாவுக்கோ நீயே தமிழில் விளக்கிச் சொல்லிப் பார். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் இருக்கின்றனவே, எந்த நேர்முகத் தேர்விலும் அவ்வளவு கடினமான கேள்வி வராது!

அப்புறம், மருந்தாளர் என்றால் யார் என்பதைத் தெரிந்துகொண்டு போ. நம்மில் பலருக்கு அது ‘மருந்து எடுத்துக் கொடுக்கிறவர்’ என்ற அளவில்தான் தெரியும். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் ஐயா இருப்பார். நோயைப் பார்ப்பதும் அவர்தான், கலவை மருந்தைப் பாட்டிலில் ஊற்றி, அளவு காட்டக் காகிதம் வெட்டி ஒட்டிக் கொடுப்பதும் அவர்தான். அந்த நினைவிலேயே நாம் இருக்கிறோம். மருந்தாளரின் வேலை வேறு. டாக்டர் எழுதிய மருந்து இந்த நோயாளியின் வயதுக்கும் எடைக்கும் சிறுநீரகத்துக்கும் பொருந்துமா, ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு மோதுமா என்று சரி பார்ப்பது அவருடைய பொறுப்பு. அரசாங்க மருத்துவமனைகளில் இனிப்புநீர், ஆஸ்துமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் ஆகியோரைத் தனியே உட்காரவைத்து, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று மருந்தாளரே கவனிக்கும் பிரிவுகள் உண்டு. மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவரும், சட்டவிரோத மருந்தைப் பிடிக்கும் அமலாக்க அதிகாரியும்கூட மருந்தாளராக இருப்பார்கள்.

முடிந்தால் ஒரு காரியம் செய். பட்டணத்து மருந்துக் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, மருந்தாளரிடம் “நான் இந்தப் படிப்புக்கு மனுச் செய்திருக்கிறேன், பத்து நிமிடம் பேசலாமா?” என்று கேள். வெளியே போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய நாள் எப்படிப் போகிறது, எது பிடிக்கவில்லை என்று கேள். பிடிக்காததைக் கட்டாயம் கேள். நேர்முகத் தேர்வில் “இந்தத் தொழிலில் உள்ள கஷ்டம் என்ன?” என்று கேட்டால், கண்ணால் பார்த்தவர்போல் பேசலாம்.

நம் நாட்டு நிலவரம் சிலவும் தெரிந்திருக்கட்டும். மருந்து விற்பனையைக் கட்டுப்படுத்துவது 1952-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டத்தின் பெயரே விஷச் சட்டம்! மருந்தை அது விஷம் என்றே அழைக்கிறது. பெயர் பொருத்தமானதுதான் என்பது என் கட்சி. பி பிரிவு மருந்துகளுக்கு டாக்டரின் சீட்டு வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள், அதாவது ஆன்டிபயாடிக், இதில் அடங்கும். சி பிரிவு மருந்துகளை மருந்தாளர் தம் பொறுப்பில், பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கலாம். இன்னொன்று, பல நாடுகளில் டாக்டர் சீட்டு எழுத, மருந்துக் கடையில்தான் மருந்து வாங்கவேண்டும். இங்கே தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்தும் கொடுக்கிறார். இது சரியா என்று டாக்டர்களுக்கும் மருந்தாளர்களுக்கும் இடையே நெடுநாள் வாதம் உண்டு. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்து விலையைக் காட்டி வைக்கவேண்டும் என்ற உத்தரவு வந்தபோதும் பெரிய சர்ச்சை நடந்தது. உன்னிடம் கருத்துக் கேட்டால் இரு பக்கமும் என்ன சொல்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பிறகு உன் எண்ணத்தைச் சொல். இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. நீ யோசிக்கிறாயா என்றுதான் பார்ப்பார்கள்.

இப்போது கொஞ்சம் கடினமான இடத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நேர்முகத் தேர்வில் ஒரு நிலைமையைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்பார்கள். சில பல்கலைக்கழகங்களில் ஒரே அறையில் உட்காரவைத்துக் கேட்பதில்லை. வரிசையாகப் பல மேசைகள் அல்லது அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிலைமை, சில நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. 2000-க்குப் பிறகு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. ஒரு மேசையில் சொதப்பினாலும் அடுத்த மேசையில் புதிதாகத் தொடங்கலாம் என்பது இதன் நல்ல அம்சம். ஆகவே போன மேசையை நினைத்துக் கலங்காதே.

ஒரு நிலைமையைப் பார். மூட்டுவலிக்காக ஒரு நோயாளி சீட்டு கொண்டு வருகிறார். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து. மூட்டுவாதத்துக்கு அதை வாரத்துக்கு ஒருமுறைதான் சாப்பிடவேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் சீட்டில் தவறுதலாகத் தினமும் என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் பேர் பெற்ற டாக்டர். நீ என்ன செய்வாய்?

நேர்முகத் தேர்வில் மருந்தின் விவரத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். நீ அதை அறிந்திருக்கவேண்டும் என்பதில்லை. அவர்கள் பார்ப்பது உன் துணிச்சலை. இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஏன் என்று யோசித்தேன். தோட்டத்தில் நம்மை எப்படி வளர்த்தார்கள்? துரை சொன்னால் சரி. கிராணி சொன்னால் சரி. மண்டோர் சொன்னால் வாயைத் திறக்காதே. டாக்டர் என்றால் கடவுளுக்கு அடுத்தபடி. எதிர்த்துப் பேசாத பிள்ளையை ‘நல்ல பிள்ளை’ என்று மெச்சினோம். அப்படி வளர்ந்த பிள்ளை அந்த மேசை முன்னால் உட்கார்ந்து, “டாக்டர் எழுதியபடியே கொடுப்பேன்” என்று அடக்கமாகச் சொல்லிவிடும். அது பணிவு என்று நமக்குத் தோன்றும். மருந்தாளருக்கோ அதுதான் பெருங்குற்றம்.

மகளே, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளியை உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டருக்குத் தொலைபேசியில் பேசுவேன் என்று சொல். “டாக்டர், இந்த மருந்து தினமும் என்று இருக்கிறது, வாரம் ஒருமுறை என்றுதானே இருக்கவேண்டும்? உறுதிப்படுத்த முடியுமா?” என்று மரியாதையாகக் கேட்பேன், பதில் கிடைக்கும்வரை மருந்தைக் கொடுக்கமாட்டேன், நடந்ததை எழுதி வைப்பேன் என்று சொல். டாக்டர் கோபித்தால்? மூத்த மருந்தாளரிடம் போவேன். அவ்வளவுதான். மரியாதையாகவும் இருக்கலாம், விட்டுக்கொடுக்காமலும் இருக்கலாம். இரண்டும் ஒரே வாயில் வரும் என்பதை வீட்டிலேயே பழகவேண்டும். அப்பாவோ மாமாவோ ஏதாவது தவறாகச் சொன்னால், “இல்லப்பா, எனக்கு இப்படித் தோணுது” என்று குரலை உயர்த்தாமல் சொல்லிப் பார். பெற்றோர்களே, அப்போது “வாயாடி” என்று அதட்டாதீர்கள். பிள்ளை பயிற்சி எடுக்கிறது.

இன்னொரு நிலைமை. பக்கத்து வீட்டு அக்காள் சந்தையில் வாங்கிய மூட்டுவலிப் பொடியைக் காட்டி, “இது நாட்டு மருந்து, உடனே வலி போயிற்று” என்கிறார். இதற்கு என்ன சொல்வாய்? நம் நாட்டில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும், மினுமினுக்கும் பாதுகாப்பு ஒட்டுச் சீட்டும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் எண்ணின் முடிவில் ‘டி’ என்ற எழுத்து வரும். இவை இல்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வலி உடனே போவதன் ரகசியம் அதுதான். நாளடைவில் முகம் வீங்கும், ரத்தத்தில் இனிப்பு ஏறும். ஆனால் இதைச் சொல்லும் விதம் முக்கியம். “படிக்காத ஆள், ஏமாந்துவிட்டார்” என்ற தொனி வந்தால் உனக்கு மதிப்பெண் குறையும், குறையவும் வேண்டும். அந்த அக்காளின் வலி உண்மை. கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம் என்றாலும், போய்வர வண்டிச் செலவும் ஒருநாள் சம்பளமும் போகிறதே. அதை அறிந்தவள் நீ. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். சொல்.

சில இடங்களில் சிறு கணக்கும் கேட்பார்கள். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். அப்படியானால் 180 மில்லிகிராம். மருந்து நீரில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது. எத்தனை மில்லிலிட்டர்? 7.5. கணக்கு சுலபம். ஆனால் இதே மருந்து 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்ற அளவிலும் கடையில் விற்கிறது. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: சமையல் கரண்டியால் அளக்காதீர்கள், பாட்டிலோடு வரும் அளவுக் குப்பியால் அளவுங்கள்.

“ஏன் டாக்டர் படிப்புக்குப் போகவில்லை?” என்ற கேள்வி அநேகமாக வரும். மருத்துவம் முதல் தேர்வாக இருந்து, கிடைக்காமல் இங்கே வந்திருந்தால், பொய் சொல்லாதே. எதிரே இருப்பவர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்த்தவர்கள். “முதலில் மருத்துவம் நினைத்தேன், பிறகு மருந்தியல் பற்றி விசாரித்தபோது இன்ன காரணத்தால் பிடித்தது” என்று சொன்னால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த ‘இன்ன காரணம்’ மட்டும் உண்மையாக இருக்கட்டும்.

மொழி விஷயம். ஆங்கிலம் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பூச்சாண்டி. மருந்தியல் பாடங்களில் ஆங்கிலம் நிறைய வரும், ஆகவே தப்பிக்க முடியாது. ஆனால் பேச்சில் அலங்காரம் தேவையில்லை. சின்னச் சின்ன வாக்கியம் போதும். தினமும் இரவு இருபது நிமிடம், டின்னில் உள்ள ஒரு மருந்தை எடுத்து, தம்பிக்கு ஆங்கிலத்தில் விளக்கு. மறுநாள் அதையே மலாயில். தம்பி சிரிப்பான், சிரிக்கட்டும். கேள்வி புரியாவிட்டால் தயங்காமல் மீண்டும் சொல்லும்படி கேள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். ஒன்றை மறக்காதே: உனக்கு மூன்று மொழி தெரியும். ஆஸ்பத்திரி முகப்பில் ‘செலெபாஸ் மாக்கான்’ என்று எழுதிக் கொடுத்தால் விழிக்கும் நம் பாட்டிமார்களுக்குத் தமிழில் சொல்லவும், நோன்பு மாதத்தில் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று கேட்கும் மாக்சிக்கு மலாயில் சொல்லவும் உன்னால் முடியும். அது சாதாரணமானதல்ல.

இப்போது பல இடங்களில் நேர்முகத் தேர்வு கைப்பேசி வழியாகவே நடக்கிறது. 2020-இல் கோவிட் வந்த பிறகு பரவிய பழக்கம். தோட்டத்தில் அலைவரிசை வரும் போகும் என்பது நமக்குத் தெரியாதா? நான்கு நாள் முன்னாலேயே அதே நேரத்தில் சோதித்துப் பாருங்கள். சரியில்லையென்றால் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள், ஓர் அறை கொடுக்காமலா போவார்? இல்லையேல் பட்டணத்து உறவினர் வீடு. கைப்பேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். (அந்த மைலோ டின் இதற்கும் உதவும்!) பின்னால் தொலைக்காட்சி ஓடவேண்டாம். நேரில் போவதென்றால் முதல் நாளே ஊர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். சான்றிதழ்களின் அசல், நகல் இரண்டும் ஒரே கோப்பில். உடுப்பு சுத்தமாக, மூடலாக, பழகியதாக இருந்தால் போதும். கடன் வாங்கிப் புதுச் சேலை எடுக்கவேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு விஷயம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 1972-இல் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் மருந்தியல் பள்ளி தொடங்கியபோது, மருந்தாளர்கள் நாட்டில் குறைவு. இன்று அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் சில, கெடாவிலுள்ள எய்ம்ஸ்ட் உட்படத் தனியார் பல்கலைக்கழகங்கள் பல, இந்தப் படிப்பை நடத்துகின்றன. படிப்பு நான்கு ஆண்டு. பிறகு ஓராண்டு பயிற்சி, சட்டத் தேர்வு, அதன் பிறகே முழுப் பதிவு. 2016-இன் இறுதியிலிருந்து அரசாங்கம் புதியவர்களை ஒப்பந்த முறையில்தான் எடுத்து வந்திருக்கிறது. நிரந்தர வேலை எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ‘படித்து முடித்தால் அரசாங்க உத்தியோகம் உறுதி’ என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். தனியார் பல்கலைக்கழகமானால், மொத்தக் கட்டணம் எவ்வளவு, பி.டி.பி.டி.என். கடன் போக மீதி எவ்வளவு, இந்தப் பட்டத்தை மருந்தியல் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா என்று மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருந்துக் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை இருக்கிறது. எனக்குத் தெரிந்து வீணாகும் படிப்பு அல்ல. ஆனால் தெரிந்து போகவேண்டும்.

தந்தைமார்களே, உங்களுக்கும் ஒரு வேலை. “அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்று கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளைகள் என்னிடம் ரகசியமாகக் கேட்கிறார்கள். தோட்டத்தில் மேற்பார்வையாளர் என்று மாற்றிச் சொல்லலாமா என்றுகூட ஒரு பையன் கேட்டான். குலை வெட்டுகிறார் என்றே சொல் என்றேன். அவன் தகப்பனாரைக் கண்டபோது இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லாமல் வந்துவிட்டேன். நீங்களாகவே ஒருநாள் சாப்பிடும்போது, உங்கள் வேலையைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுங்கள். எத்தனை மணிக்குப் பிரட்டு, மருந்து தெளிக்கும் வேலையில் முகமூடி போட்டது எப்படி, கையில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லுங்கள். பூச்சிமருந்தின் அளவும் ஆபத்தும் பற்றித் தகப்பனாரிடம் கேட்டறிந்த பிள்ளை மருந்தியல் தேர்வில் பேசுவதற்கு விஷயம் இல்லாமல் போகாது.

கெடாவிலிருந்து எழுதிய சகோதரிக்கு: மகளின் தேர்வு அடுத்த மாதம் 14-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் மாமியாருக்குக் கால் புண் ஆறவில்லை என்றும், மகள்தான் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிறாள் என்றும் கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல், சாய்த்து எழுதியிருந்தீர்களே. அதை மகளிடம் படித்துக் காட்டுங்கள். கூடவே மாமியாரை வீட்டு வைத்தியத்தோடு விடாமல் இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். இனிப்புநீர்க்காரருக்குக் காலில் ஆறாத புண் விளையாட்டல்ல. மகளையும் உடன் அனுப்புங்கள். மருந்து கொடுக்கும் இடத்தில் அவளே முன்னால் நின்று கேள்விகளைக் கேட்கட்டும். நீங்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.

தேர்வு முடிந்ததும் என்ன கேட்டார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.